மெழுகு பூசாத சக்கரங்கள்

எனக்கு இன்று வரை பைக் ஓட்டத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் யாரும் கேட்டு என் பிராணனை வாங்க வேண்டாம். எங்கள் வீட்டில் பைக் ஓட்டியது என் மனைவி. தொண்ணூறுகளின் கடைசியில் பெங்களூர் ஜீவனஹள்ளிச் சந்துகளில் அவள் பின்னால் நான் உட்கார்ந்து போவேன். தெருமுனை டீக்கடையில் நிற்கிறவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். அந்தத் தெருப் பள்ளங்களில் பின்னால் உட்கார்ந்தவனின் இடுப்பு நோகாமல் வண்டி எடுக்க அவர்களில் ஒருவனுக்கும் தெரியாது.

வண்டி அவள் அண்ணனுடையது. அவர் வாலிபத்தில் மண்பாதைப் பந்தயங்களில் ஓட்டியவர். கம்பெனி கொடுத்த இரும்பு ரிம்மைக் கழற்றிவிட்டு, எங்கெங்கோ அலைந்து இரண்டு சக்கரத்துக்கும் அலுமினிய ரிம் வாங்கிப் போட்டிருந்தார். கனம் குறைவு, துருப் பிடிக்காது, பளபளப்பும் தனி. துபாயில் வேலை கிடைத்துப் போனபோது வண்டியைத் தங்கையிடம் விட்டுப் போனார். ஒரு சாவியை அவளிடம் கொடுத்தார், இன்னொன்றைத் தன் சாவிக்கொத்திலேயே வைத்துக்கொண்டார். விட்டுப் போனார் என்றுதான் சொல்ல வேண்டும், கொடுத்தார் என்று சொல்ல முடியாது.

அவளுக்கு கமர்ஷியல் ஸ்ட்ரீட் பக்கம் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவாள். பிள்ளை உண்டான ஐந்தாம் மாதத்திலிருந்து வண்டி நின்றது. எங்கள் முற்றத்தைச் சுற்றி ஐந்து வீடுகள், எல்லோருக்கும் ஒரே துவைகல். வண்டிக்குக் கிடைத்த இடம் அந்தத் துவைகல்லுக்குப் பக்கத்தில். ஐந்து வீட்டுச் சோப்புத் தண்ணீரும், சலவைச் சோடாத் தண்ணீரும், உப்புக் கரிக்கும் போர் தண்ணீரும் மேலே போர்த்திய தார்ப்பாய்க்கு அடியால் புகுந்து தினமும் அந்த ரிம்களில் தெறித்தன. குழந்தைக்கு ஒரு வயதாகி, மறுபடி வேலைக்குப் போகலாம் என்று அவள் தார்ப்பாயை விலக்கியபோது, ரிம் முழுக்க வெள்ளை வெள்ளையாகப் பொரிந்திருந்தது. கை வைத்தால் சொரசொரவென்றது.

அந்த வாரமே அண்ணன் எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் செய்தார். ஆயுதபூஜைக்கு மறுநாள் காலை வருகிறாராம். யாரோ அவரிடம் வண்டி மூலையில் அழுகிக்கொண்டிருக்கிறது என்று வத்தி வைத்திருக்கிறார்கள். பழைய பந்தய சிநேகிதர் ஒருவர் அதைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாராம். "உன்னால வச்சுக்க முடிஞ்சா வச்சுக்கோ. இல்லன்னா பாத்துக்கறவன்கிட்ட போகட்டும். நான் வந்து சக்கரத்தப் பாத்தாலே எனக்குத் தெரிஞ்சிடும்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். தப்பான மனுஷர் இல்லை. வண்டி மேல் அவருக்கு அப்படி ஒரு பாசம்.

அவளுக்கு அந்த வண்டி எதற்கு என்று எனக்குத் தெரியும். வண்டி இருந்தால் மத்தியானம் ஒரு நடை வீட்டுக்கு வந்து பிள்ளைக்கு ஊட்டிவிட்டுத் திரும்பலாம். பஸ்ஸை நம்பினால் காலையில் போனவள் இருட்டின பிறகுதான் பிள்ளையைப் பார்ப்பாள். வேலை வேண்டும், பிள்ளையும் வேண்டும். இரண்டையும் சேர்த்துக் கட்டுகிற கயிறு அந்த வண்டி ஒன்றுதான். வேறொன்று வாங்க அன்றைக்கு எங்களுக்கு வக்கில்லை. நானோ பீன்யாவில் ஒரு தொழிற்சாலை ஸ்டோரில் இருந்தேன், விடிந்தால் கம்பெனி பஸ், அடைந்தால் வீடு.

என் அம்மாவுக்கு அந்த வண்டியைக் கண்டாலே ஆகாது. பிள்ளை பெற்றவள் காலைப் பரப்பிக்கொண்டு பைக்கில் போவதா என்று வாய்விட்டே சொல்வாள். அண்ணன் வருகிற சேதி கேட்டதும், நல்லதாகப் போச்சு, சனியன் தொலையட்டும் என்றாள். மனைவிக்கும் சேர்த்து நான்தான் அம்மாவிடம் கத்தினேன். அது எனக்குக் கைவந்த கலை.

மெக்கானிக் வந்து பார்த்து, ரிம் போச்சு, இரும்பு ரிம் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று சாயங்காலமே அவள் ஒரு வாளி சோப்புத் தண்ணீரோடு முற்றத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

எனக்கு அப்போதுதான் தெரிந்தது, நான் கட்டிக்கொண்டவள் யாரென்று. முதலில் பிரஷ் போட்டு மண்ணையும் எண்ணெய்ப் பிசுக்கையும் எடுத்தாள். அப்புறம் வாட்டர் பேப்பர், அதாவது தண்ணீரில் நனைத்துத் தேய்க்கிற உப்புத்தாள். முரட்டுத் தாளில் ஆரம்பித்து, அதைவிட மெல்லியது, அதைவிட மெல்லியது என்று இறங்கி வந்தாள். முதல் தாளை ரிம்மின் நீளவாக்கில் தேய்த்தால் அடுத்த தாளைக் குறுக்கே தேய்ப்பாள். முந்தின தாள் போட்ட கீறல் முழுதும் மறைந்தால்தான் அடுத்த தாளைத் தொடுவாள். லென்ஸுக்கும் இதுதான் வழி என்றாள். ஒரு சின்ன டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, ஒரு மயிரிழைக் கீறலைத் தேடுவாள். எனக்கு அங்கே ஒன்றுமே தெரியாது. போதும் விடு, சக்கரம்தானே, சேற்றில் போகப்போகிறதுதானே என்பேன். அவள் என்னைப் பார்க்கிற பார்வையில் நான் எழுந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவேன்.

தாள் வேலை முடிந்ததும் பாலிஷ். என் பழைய வேட்டியைக் கிழித்த துணியில் பட்டாணி அளவு பாலிஷைத் தொட்டுத் தேய்த்தால் துணி கரேலென்று கறுத்துப்போகும். அது அழுக்கு என்று நினைத்து நான் பயந்தேன். அழுக்கு இல்லையாம், அலுமினியமே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வருகிறதாம். அந்தக் கறுப்பைத் தேய்த்துத் தேய்த்து, அது காய்ந்து வழுக்கும் நேரத்தில் சுத்தத் துணியால் துடைத்தால் அடியிலிருந்து வெளிச்சம் வரும். கம்பிகளுக்கு நடுவில் விரல் போகாத இடங்களில் துணியை நாடாவாகக் கிழித்து, உள்ளே கொடுத்து, இரண்டு முனையையும் பிடித்து மாற்றி மாற்றி இழுப்பாள். கடைசியில் மிச்ச எண்ணெய்ப் பசை போக அடுப்படியிலிருந்து ஒரு பிடி மைதா மாவைக் கொண்டுவந்து தூவித் துடைப்பாள். மாவு போகிற போக்கைப் பார்த்து அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

ஆனால் அம்மாவும் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். முதலில் ஜன்னல் வழியாக. பிறகு துணி காயப்போடுகிற சாக்கில். ஒருநாள், வெண்கல விளக்குக்கு மாதிரி புளி போட்டுத் தேயேன், இவ்வளவு கஷ்டம் எதற்கு என்று யோசனை சொன்னாள். புளி பட்டால் அலுமினியம் மங்கிவிடும் அத்தை என்று இவள் பொறுமையாகச் சொன்னாள். அம்மா அன்றைக்கே, பக்கத்து வீட்டுக்காரி துவைக்க வந்தபோது சோப்புத் தண்ணீர் தெறிக்காதபடி நடுவில் ஒரு தகரத்தைச் சாய்த்து வைத்தாள். நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

ஆயுதபூஜைக்கு முதல்நாள் இரண்டு சக்கரமும் முடிந்தது. அடடா, அதை எப்படிச் சொல்ல! முற்றத்துக் கொடியில் தொங்கிய சிவப்புப் பாவாடை ரிம்மில் வளைந்து தெரிந்தது. எதிர்வீட்டுக் கன்னடக்கார அம்மா வந்து நின்று, "பெள்ளி தரா இதே ரீ" என்றாள். வெள்ளி மாதிரிதான் இருந்தது. இனி மெழுகு ஒன்றுதான் பாக்கி. பாலிஷ் போட்ட அலுமினியம் பச்சை உடம்பு மாதிரி, எது பட்டாலும் பிடித்துக்கொள்ளும், அதனால் மேலே மெல்லிசாக மெழுகு பூசிக் காப்பாற்ற வேண்டும் என்று எனக்குச் சொல்லியிருந்தாள். டப்பாவைத் திறந்து கையில் வைத்திருந்தாள்.

அப்போது அம்மா வந்து, மெழுகு பூசினால் சந்தனம் ஒட்டாதே, வழுக்கிக் கீழே விழுமே, பூஜைக்குச் சக்கரத்தில் பொட்டு நிற்க வேண்டாமா என்று கேட்டாள். அந்த வண்டிக்குப் பொட்டு வைக்க வேண்டும் என்று அம்மா வாயால் வந்தது அதுதான் முதல் தடவை. என் மனைவி டப்பாவை மூடினாள். "நாளைக்கு பூஜை முடிஞ்சதும் பூசிக்கறேன், அத்தை" என்றாள்.

மறுநாள் எங்கள் தெரு முழுக்க வாழைக்கன்றும் சாமந்தியுமாக இருந்தது. நான் தொழிற்சாலையில் பூஜை முடித்துக் கடலைப்பொரிப் பொட்டலத்தோடு வந்து சேர்ந்தேன். அம்மா பட்டுப்புடவை கட்டி, வண்டிக்கு மாலை போட்டு, ரிம்மில் சுற்றிலும் சந்தனம் குங்குமம் வைத்து, டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்தாள். ஐந்து வீட்டாரும் கூடி நின்று சக்கரத்தையே பார்த்தார்கள். ஆளாளுக்கு ஆஹா ஓஹோ என்றார்கள். அம்மாவுக்கு அது பொறுக்கவில்லை. இத்தனை கண்ணும் பட்டால் என்ன ஆவது? உள்ளே போய், தாம்பாளம் நிறைய ஆரத்தி கரைத்துக்கொண்டு வந்தாள். மஞ்சளோடு சுண்ணாம்பு, நன்றாகச் சிவக்கட்டும் என்று தாராளமாக. மூன்று சுற்றுச் சுற்றி, எல்லோரும் தரையில் ஊற்றுவார்களே, அப்படி ஊற்றாமல், திருஷ்டி முழுக்கக் கழியட்டும் என்று முன் சக்கரத்தில் பாதி, பின் சக்கரத்தில் பாதி ஊற்றினாள். பிறகு சக்கரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் முகம் ஒரு நொடி சுருங்கி, உடனே சரியானது. கை கூப்பி நின்றாள். சுண்ணாம்பு அலுமினியத்தைத் தின்னும் என்று எனக்கு அப்போது தெரியாது. அவளுக்குத் தெரியும். ஆரத்தித் தண்ணீரைத் துடைக்கக் கூடாது, தானாகக் காய வேண்டும் என்பது எங்கள் வீட்டுப் பழக்கம். அதுவும் அவளுக்குத் தெரியும்.

சாயங்காலம் அம்மா கோயிலுக்குப் போனதும் ஓடிப்போய் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவினாள். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. ரிம் நெடுக வழிந்த வழியெல்லாம் சாம்பல் பூத்த மாதிரி மங்கிப்போயிருந்தது. எனக்கு வந்ததே கோபம்! அம்மா வரட்டும், இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுகிறேன் என்று குதித்தேன். காலையில் அண்ணன் வந்து நிற்பார், சக்கரத்தைப் பார்ப்பார், வண்டி போய்விடும். அப்போதே துடைத்திருக்கலாமே, வாயில் கொழுக்கட்டையா என்று அவளிடமும் பாய்ந்தேன்.

அவள் ஈரத்துணியைப் பிழிந்துகொண்டே சொன்னாள்: "அத்தை இன்னைக்குத்தாங்க மொத தடவையா வண்டியத் தொட்டுக் கும்பிட்டாங்க. அந்த நேரத்துல போய்த் துணிய எடுத்துட்டு நிப்பேனா? அலுமினியம் திரும்ப வரும். அது வராது."

அவளைப் பார்க்கவே பெருமையாக இருந்தது, என்னைப் பார்க்கச் சகிக்கவில்லை. அம்மா கோயிலிலிருந்து வந்தபோது நான் வாயைத் திறக்கவில்லை.

காலையில் பால்காரர் வருவதற்கு முன்பே அவள் முற்றத்தில் இருந்தாள். மறுபடி மெல்லிய தாள், மறுபடி பாலிஷ். தூறல் வேறு போட்டுக்கொண்டிருந்தது, நான் பின்னால் நின்று குடை பிடித்தேன். வாசல் தெளிக்க வந்த அம்மா அப்படியே நின்றாள். தேய்த்த இடத்தையும் தேய்க்காத இடத்தையும் பார்த்தாள். தான் ஊற்றிய தண்ணீர் வழிந்த வழி அச்சு மாறாமல் அங்கே இருந்தது. யாரும் விளக்கவில்லை. அம்மா வாளியைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"எந்தப் பக்கமாத் தேய்க்கணும், சொல்லும்மா" என்றாள்.

இவள் அம்மாவின் கையைப் பிடித்து, எந்தப் பக்கம், அழுத்தம் எவ்வளவு என்று காட்டினாள். முன் சக்கரம் முடிந்தது. பின் சக்கரத்தில் பாதி வந்திருந்தது. அப்போது வாசலில் ஆட்டோ நின்றது. அண்ணன் இறங்கினார், கூடவே அந்தப் பந்தய சிநேகிதரும் இறங்கினார்.

சிநேகிதர் நேராக வண்டியிடம் போனார். அண்ணன் குனிந்து பின் சக்கரத்தைப் பார்த்தார். பாதி வெள்ளி, பாதி சாம்பல். என் மனைவி எழுந்து நின்றாள். முழங்கை வரை கறுப்பு. என்ன ஆயிற்று என்று சொல்லியிருந்தால் முடிந்தது காரியம், ஆனால் அத்தையைக் காட்டிக்கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். நான் வாயெடுக்கப் போனேன்.

அதற்குள் அம்மா, உட்கார்ந்த இடத்திலிருந்து நிமிராமல், தேய்ப்பதையும் நிறுத்தாமல் சொன்னாள்: "தம்பி, இது எங்க வீட்டு வண்டி. கொடுக்கறதுக்கு இல்ல. நேத்து நான் ஆரத்தி எடுத்ததுல மங்கிப்போச்சு, இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. உக்காருங்க, காபி போடறேன்."

சனியன் தொலையட்டும் என்ற அதே வாய்.

அண்ணன் அம்மாவின் கைகளைப் பார்த்தார். நேற்றுப் பட்டுப்புடவை கட்டி ஆரத்தி எடுத்தவளின் விரல் நகமெல்லாம் அலுமினியக் கறுப்பு. பிறகு தங்கையின் கைகளைப் பார்த்தார். சிநேகிதரிடம் திரும்பி, "மன்னிச்சுக்கோடா" என்றார். சிநேகிதர் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது, ஆனாலும் அவர் அம்மாவுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, இவ்வளவு சுத்தமாக யார் தேய்த்தது என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்.

அண்ணன் தன் கொத்திலிருந்து அந்தச் சாவியை நகத்தால் நெம்பிக் கழற்றினார். தங்கையிடம் நீட்டினார். அவள் கண் நிறைந்துபோய், கறுப்பான கையை மேலே தூக்கிக் காட்டினாள். அம்மாவிடம் நீட்டினார். அம்மாவும் அதே மாதிரி கையைக் காட்டினாள். கடைசியில், வேறு வழியில்லாமல், குடை பிடித்துக்கொண்டு சும்மா நின்ற என் சட்டைப் பையில் சாவியைப் போட்டார்.

"பத்திரமா வச்சிருங்க மாப்பிள்ளை" என்றார்.