கருகிய பெட்டியும் பேராசிரியர் நல்லைநாயகமும்

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் பஸ் நெரிசலில் நின்றுகொண்டிருந்தபோது நிசாம் அழைத்தார். பேராசிரியர் நல்லைநாயகத்தின் கடைசி மாணவர்களில் ஒருவர். இப்போது எங்கள் பீடத்தில் என்னோடு கற்பிப்பவர். சேர் காலையில் பேராதனை ஆஸ்பத்திரியில் காலமாகிவிட்டார் என்றார். பிறகு முப்பத்தோராம் நாள் நினைவு மலரைப் பற்றிப் பேசினார்.

"நீங்களும் எழுதோணும் மிஸ். நல்லதா நாலு வரி."

எழுதுகிறேன் என்றேன். நல்லதாக என்று நான் சொல்லவில்லை. கண்டியில் இறங்கும்வரை, அவர் மீதிருந்த கோபம் இன்னும் இருக்கிறதா என்று எனக்குள் பார்த்துக்கொண்டே வந்தேன். இருந்தது.

அவருடைய திறமையை நான் சொல்லி நீங்கள் அறிய வேண்டியதில்லை. எழுபதுகளில் இங்கிலாந்தில் படித்துவிட்டுத் திரும்பியவர், கோட்டுச் சூட்டுகளை அங்கேயே விட்டுவிட்டுப் பெட்டி நிறையத் தைரிஸ்டர்களைக் கொண்டுவந்தார். பெரிய மின்னோட்டத்தைக் கைக்குள் அடங்கும் அந்தச் சில்லு ஒன்றால் திறந்து மூடலாம் என்பது அன்று இங்கே பலருக்குப் புதினமான சங்கதி. இறக்குமதி கிடைக்காத காலத்தில், கைவிடப்பட்ட மில் இயந்திரங்களைப் பிரித்தெடுத்து பெரிய மின்னோட்டங்களை ஆளும் வலு இலத்திரனியலுக்கு ஓர் ஆய்வுகூடத்தைக் கட்டி எழுப்பினார். இதில் ஒரு சொல்லும் மிகையில்லை.

அந்த ஆய்வுகூடத்துக்குள் நான் நுழைந்த முதல் நாள், எந்த ஊர் என்று கேட்டார். கண்டி என்றேன். அப்பா டவுனில் கடை வைத்திருந்தார்.

"அது இப்ப இருக்கிற இடம். எந்தத் தோட்டம்?"

வகுப்பு சிரித்தது. அப்பா பிறந்த தேயிலைத் தோட்டத்தின் பெயரைச் சொன்னேன். அதன் பிறகு அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை; 'தோட்டம்' என்றே கூப்பிட்டார். மேற்படிப்புக்கும் அவரிடமே ஏன் போனாய் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். அந்தத் துறையில் எங்களுக்கு அவரை விட்டால் ஆளில்லை. அது அவருக்கும் தெரியும்.

கலகெதரவுக்கு மேலே ஒரு தோட்டத்தில், ஓடைத் தண்ணீரில் மின்சாரம் எடுத்து தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்கு விளக்குப் போடும் வேலை எங்களிடம் வந்தது. தண்ணீர் எப்போதும் ஒரே வேகத்தில் விழும். விளக்குகளை அணைத்தால் மிஞ்சும் மின்சாரத்தை வேறெங்காவது அனுப்பாவிட்டால் இயந்திரம் தறிகெட்டு ஓடும். அதைத் தொட்டித் தண்ணீரைச் சூடாக்கத் திருப்பிவிடும் கட்டுப்பாட்டுப் பெட்டிதான் என் ஆய்வு. வேலை முடியும் தறுவாயில் பேராசிரியர் வந்து பார்த்தார். தைரிஸ்டர்களைக் குளிர்விக்கும் அலுமினியத் தகடுகள் அசிங்கமாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன, பெரிய ஆட்கள் வரும் விழா, பாதியாக வெட்டு என்றார். விளக்குகள் எல்லாம் அணைந்திருக்கும் நேரத்தில் முழுச் சுமையும் பெட்டியில்தான் ஏறும், அந்தச் சூட்டுக்கு இந்தத் தகடு வேண்டும் என்று கணக்கைக் காட்டினேன். அவர் கணக்கைப் பார்க்கவில்லை. தகடுகள் வெட்டப்பட்டன. இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ள நியமிக்கப்பட்ட செல்லமுத்து அண்ணன் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

விழா பகலில் நடந்தது. லயங்களில் விளக்கெரிந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு அணைத்தார்கள். பேச்சுகள் முடிவதற்குள் பெட்டி புகைந்து, மூடி தெறித்தது. நிறுத்துவதற்கு ஓடிய செல்லமுத்து அண்ணனின் வலது உள்ளங்கை வெந்துபோனது. அவரை வேனில் ஏற்றும்போது பேராசிரியர் பிரமுகர்களிடம் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்.

பீடம் நடத்திய விசாரணையில் அவர் சொன்னது சுருக்கமானது: வடிவமைப்பு மாணவியுடையது, தான் நம்பிவிட்டதாக. செல்லமுத்து அண்ணன் கைக்கட்டோடு கண்டிக்கு வந்து சாட்சி சொன்னார்.

"அந்தம்மா வேணாம்னு சொன்னாங்க. ஐயாதான் வெட்டச் சொன்னாரு. நான் பக்கத்துலதான் நின்னேன்."

"இந்தாளுக்கு இதில என்ன விளங்கும்?" என்றார் பேராசிரியர். அதற்கு மேல் யாரும் அவரைக் கேட்கவில்லை. செல்லமுத்து அண்ணன் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு கீழே பார்த்தார். என் விரிவுரையாளர் நியமனம் தள்ளிப்போனது, மறுபடியும் தள்ளிப்போனது. அதையெல்லாம் மறந்துவிடலாம். அந்தக் குனிந்த தலையைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

அடுத்த ஆண்டு அதே பெட்டி, என் கணக்குப்படியே அகலத் தகடுகளோடு திரும்பவும் பொருத்தப்பட்டது. இம்முறை ஓடியது, பல காலம் ஓடியது. அதைப் பற்றிய ஆய்வுக் கட்டுரையில் அவர் பெயர் மட்டும் இருந்தது. கருகியது என் பெயரில், விளக்கெரிந்தது அவர் பெயரில்.

ஓய்வுபெற்று, வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்தபின் அவரைப் பார்க்கப் போனேன். நலம் விசாரிக்க அல்ல. கதிரையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் முதல் தடவையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அந்தத் தகட்டைப் பற்றிக் கேட்டேன். மறந்துவிட்டேன் என்று சொல்வார் என்று நினைத்திருந்தேன்.

"ஓம், உம்மட கணக்குத்தான் சரி. எனக்கு அண்டைக்கே தெரியும். நான் ஒத்துக்கொண்டிருந்தா லேபை மூடியிருப்பாங்கள். நீர் இளம் ஆள், எழும்பி வருவீர் எண்டு நினைச்சன்."

"செல்லமுத்து அண்ணன்?"

அவர் முகத்தை டீவிப் பக்கம் திருப்பிக்கொண்டார். என்னிடம் ஒத்துக்கொண்டதையே பீடத்துக்கு ஒரு வரியில் சொல்லிவிடுங்கள் சேர் என்றேன். நல்ல கையால் ரிமோட்டை எடுத்து டீவியின் சத்தத்தைக் கூட்டினார். அதுதான் எங்கள் கடைசிச் சந்திப்பு.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒன்று உண்டு. முதல் வகுப்பில், மின்சாரத்தை ஆள்வது எப்படி என்று அவர் எங்களுக்குச் சொன்னது: "தடுத்துக்கொண்டு நிண்டா சூடேறும். ஒண்டில் முழுக்கத் திறவும், இல்லாட்டி முழுக்கப் பூட்டும். அரைகுறையா நிண்டா நீர்தான் எரிஞ்சு போவீர்." எங்கள் துறை முழுவதும் அந்த மூன்று வாக்கியங்களுக்குள் இருக்கிறது. இத்தனை ஆண்டுகளாக என் மாணவர்களுக்கு அதையே சொல்லித் தொடங்குகிறேன்; அவர் பெயரைச் சொன்னதில்லை.

அவர் இறந்த வாரம் புதிய வகுப்பு தொடங்கியது. அந்த வாக்கியங்களைப் பலகையில் எழுதி, கீழே பேராசிரியர் நல்லைநாயகம் என்று எழுதினேன். நான் அவரை மன்னிக்கவில்லை. சொன்னவர் அவர், அதனால் பெயரும் அவருடையதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.