இரண்டு சங்கத்துக்கும் ஒரு அக்கா

ஜெர்மனியின் டோர்ட்மண்டில் எங்கள் தமிழ்ச் சங்கம் இரண்டாக உடைந்தபோது நான் ஒரு பக்கம் நின்றேன், என் அண்ணன் மறுபக்கம் நின்றார். அதன்பின் நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. அப்பா மருத்துவமனையில் கடைசி மூச்சு விட்டபோதுகூட, கட்டிலின் இரண்டு பக்கமும் ஊமைகளாக நின்றோம். டாக்டர் சொன்னதை மொழிபெயர்த்து அம்மாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தவர் அக்காதான்.

அக்கா எங்களுக்கு உறவில்லை. முதியோர் இல்லமொன்றில் வேலை. வேலை முடிந்ததும் யாருக்காவது டாக்டரிடம் டெர்மின், மொழிபெயர்க்க ஆள் வேண்டும் என்று ஓடுவார். எங்கள் தமிழ்ப் பள்ளி விழாவிலும் பரிமாறுவார், மற்றச் சங்கத்தின் விழாவிலும் பரிமாறுவார். "அங்கையும் போறா" என்று எங்கள் ஆட்கள் முணுமுணுத்தாலும், வீட்டில் ஒருவருக்கு நெஞ்சு வலித்தால் அவருடைய நம்பரைத்தான் தேடுவார்கள்.

போன வருடம் எங்கள் சங்க ஆண்டு விழாவில் அவரைக் கௌரவிக்க முடிவெடுத்தோம். சொல்லப் போனது நான்.

"எனக்கு வேண்டாம்" என்றார். நான் விடவில்லை. "சரி, வாறன். ஆனா மற்றப் பக்கத்து ஆக்களும் வரோணும். உங்கட அண்ணையை நீங்கதான் கூப்பிடோணும்" என்றார்.

"அது ஏலாது அக்கா."

"அப்ப எனக்கும் ஏலாது."

இரண்டு நாள் போனைக் கையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். கடைசியில் அழைத்து விழாவுக்கு வரச் சொன்னபோது அண்ணன் "ம்" என்று மட்டும் சொன்னார். வருவாரா மாட்டாரா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. எங்கள் சங்கத் தலைவரிடமும் நான் சொல்லவில்லை.

மண்டபம் நிறைந்திருந்தது. பிள்ளைகளின் நடனம் நடந்துகொண்டிருந்தபோது கதவு திறந்தது. அண்ணனும் நாலைந்து பேரும் உள்ளே வந்து, உட்காராமல் சுவரோரம் நின்றார்கள். முன்வரிசையில் தலைகள் திரும்பின. தலைவர் எழுந்து என்னிடம் வந்தார்.

"ஆர் உவையளைக் கூப்பிட்டது?"

"நான்தான்."

"பிள்ளையளுக்கு முன்னாலை சண்டை வந்தா நீர்தான் பொறுப்பு" என்றார். அவருடைய கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அண்ணனுடன் வந்த ஒருவர் எங்கள் பக்கத்தை முறைத்தபடி ஏதோ சொல்ல, அண்ணன் அவருடைய தோளைப் பிடித்து அடக்கினார்.

அக்காவின் பெயரை அறிவித்தார்கள். அவர் மேடைக்குப் போகவில்லை. கடைசி வரிசையிலிருந்து எழுந்து சுவரோரம் போய் அண்ணனுக்குப் பக்கத்தில் நின்றார். தலைவர் பொன்னாடையோடு மேடையில் காத்திருந்தார்.

"அக்கா, மேடைக்கு வாங்கோ" என்றார் ஒலிவாங்கியில்.

"இஞ்சை வந்து போடுங்கோ தலைவர்," என்றார் அக்கா. "எனக்கு எல்லாரும் ஒண்டுதான்."

தலைவர் அசையவில்லை. அவர் பொன்னாடையை மேசையில் போட்டுவிட்டு வெளியேறிவிடுவார் என்றே நினைத்தேன். பின்வரிசையில் ஒரு கிழவர் இருமினார். பிறகு தலைவர் படி இறங்கினார். நாற்காலிகளுக்கு நடுவே அவர் நடந்து வருவதை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அக்காவுக்கு முன்னால் வந்து நின்று பொன்னாடையைப் போர்த்தினார். அது ஒரு தோளில் மட்டும் விழுந்து சரிந்தது. விழப்போன முனையை அண்ணன் பிடித்து மற்றத் தோளில் போட்டார். யாரோ கை தட்ட, மண்டபமே தட்டியது. அக்கா அழுதுவிட்டார். அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

சங்கங்கள் இன்னும் இரண்டாகத்தான் இருக்கின்றன. ஆனால் அன்று கார் நிறுத்துமிடத்தில் அண்ணன் என்னிடம் வந்தார்.

"அம்மா சாப்பிடுறாவோ?"

"ஓம். கொஞ்சம் கொஞ்சம்."

"அம்மாவைப் பாக்க ஞாயிறு வாறன்" என்றார்.

வந்தார்.