அஞ்சரைக்கு வருவன்

கல்யாணமான இரண்டாம் வருடம் என் மனைவி என்னுடைய உடுப்புகளை எல்லாம் முற்றத்தில் வீசினாள். கரவெட்டியில் வேலை முடிந்து நான் ஒரு மணிநேரம் பிந்தி வந்ததுதான் காரணம். பஸ் வழியில் நின்றுவிட்டது; போனிலும் சார்ஜ் இல்லை.

"போங்கோ, நான் உங்களுக்கு வேண்டாம் எண்டு எனக்குத் தெரியும்" என்று கத்தியவள், நான் சேர்ட்டுகளைப் பொறுக்கத் தொடங்கியதும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "என்னை விட்டிட்டுப் போயிடாதேங்கோ."

அவள் கெட்டிக்கார விஞ்ஞான ஆசிரியை. பாடசாலையில் ஒருவரும் இதை நம்பமாட்டார்கள். அவளுடைய தமையனுக்கு இது வெறும் பிடிவாதம். "நாலு நாள் கதைக்காமல் விடும் மச்சான், சரிவரும்" என்றார். நானும் அப்படியே செய்தேன். சண்டை வந்தால் வாய் திறக்காமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு தொண்டைமானாற்றுப் பாலத்துக்குப் போய்விடுவேன். எவ்வளவு பொறுமையான மனிதன் நான் என்று உள்ளுக்குள் ஒரு பெருமையும் இருந்தது. ஒருநாள் அப்படிப் போய்த் திரும்பியபோது, அவள் தன் கையைக் காயப்படுத்தியிருந்தாள்.

யாழ்ப்பாணத்தில் ஒரு மனநல மருத்துவரிடம் போனோம். அந்தப் பெண் மருத்துவர் அவளோடு பல தடவை கதைத்த பிறகுதான் பெயரைச் சொன்னார்: எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறு. கைவிட்டுவிடுவார்கள் என்ற பயம் மனதைப் பிடித்து ஆட்டும். காலம் எடுக்கும், ஆனால் தேறலாம் என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"சண்டை வந்தால் நீங்கள் என்ன செய்வியள்?"

"ஒண்டும் கதைக்கமாட்டன். வெளியிலை போயிடுவன்."

"போறது பிழையில்லை. எப்ப வருவன் எண்டு சொல்லாமல் போறதுதான் பிழை."

எனக்குச் சுருக்கென்றது. நோயாளி அவள் என்றல்லவா நினைத்து வந்திருந்தேன்.

அடுத்த சண்டைக்குக் காரணம் நான்தான். அவளைக் கேட்காமல் என் அம்மாவை ஒரு மாதம் வந்து தங்கச் சொல்லியிருந்தேன். இருவர் குரலும் ஏறியபோது, வாசலில் நின்று சொன்னேன்: "இப்ப என்னாலை நிதானமாய்க் கதைக்க ஏலாது. வெளியிலை போறன். அஞ்சரைக்கு வருவன்."

"வராட்டி?"

"வருவன்."

ஐந்து இருபத்தெட்டுக்குத் திரும்பினேன். அழுது வீங்கிய முகத்தோடு வாசல் படலையில் நின்றாள். கையில் காயம் இல்லை. "உங்கடை அம்மா வரட்டும். ஆனால் முதலிலை என்னட்டைக் கேட்டிருக்கவேணும்" என்றாள். அது நியாயமான கோபம். மன்னிப்புக் கேட்டேன்.

அந்த மருத்துவரிடம் முதன்முதல் போய் இப்போது ஆறு வருடமாகிறது. அவள் சிகிச்சையை விடவில்லை. கொந்தளிப்பு இன்னும் வரும். ஆனால் "போங்கோ" என்று கத்திய வாய் இப்போது "எனக்குப் பயமாயிருக்கு" என்கிறது. அதற்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியும்.

போன மாதம் மருத்துவர் எங்களைக் கேட்டு, இதே சிக்கலில் இருந்த ஓர் இளம் தம்பதியோடு கதைக்கவைத்தார். அந்தப் பெண் நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய கணவன் கேட்டான்: "உங்களுக்குக் களைக்கிறேல்லையோ அண்ணை?"

"களைக்கும். களைச்சுப்போனன் எண்டு சொல்லிப்போடுவன்."

என் மனைவி அந்தப் பெண்ணின் பக்கம் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "அப்பிடி வாய்விட்டுச் சொன்னால் எனக்குப் பயமில்லை, தங்கச்சி. உம்மடை ஆளுக்கும் சொல்லப் பழக்கும்."

அந்தப் பெண் முதல்முறையாக நிமிர்ந்து தன் கணவனைப் பார்த்தாள்.