சுவரைப் பார்த்து ஆடிய ஆட்டம்

நார்வே மொழியில் எனக்கு நான்கு வார்த்தைகள் தெரியும். நான்கையும் ஒன்பது வயதில், ராயபுரத்தில், துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் கற்றேன். ஃபோல்க் என்றால் ஜனங்கள். டான்ஸ் என்றால் ஆட்டம். இரண்டையும் சேர்த்தால் ஃபோல்கடான்ஸ், ஜனங்களின் ஆட்டம். நான்காவது லெய்க், விளையாட்டுக்கும் அதுதான், ஆட்டத்துக்கும் அதுதான். அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்த மற்றதையெல்லாம் மறந்துவிட்டேன், பதினாறாம் வாய்ப்பாடு உட்பட. இந்த நான்கு மட்டும் போக மாட்டேன் என்கின்றன.

சொல்லித்தந்தவர் ஒரு நார்வேக்கார அம்மாள். கணவர் கப்பல் சம்பந்தமான ஏதோ வேலையாக மதராஸ் வந்திருந்தார். அம்மாளுக்கு ஊர் ஊராக ஆட்டங்களைப் பார்த்து நோட்டில் எழுதுவதில் பைத்தியம். வாரத்துக்கு இரண்டு நாள் எங்கள் வகுப்புக்கு வந்து கரும்பலகையில் மூன்று கட்டம் போடுவார்: இங்கிலீஷ், நார்வே, தமிழ். இங்கிலீஷ்காரர்கள் ஃபோக் என்று நடுவிலிருக்கும் எழுத்தை விழுங்கிவிடுவார்கள், நாங்கள் விழுங்குவதில்லை என்று பெருமையாகச் சொல்வார். லெய்க்குக்கு நேரே எங்கள் வகுப்பு டீச்சர் ‘ஆட்டம்’ என்று எழுதி, கோலி ஆட்டமும் ஆட்டம்தான், காலில் சலங்கை கட்டி ஆடுவதும் ஆட்டம்தான் என்று விளக்கியபோது அம்மாளின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். இத்தனை தூரத்தில் இருக்கிற இரண்டு ஜனங்களும் ஒரே மாதிரி நினைத்திருக்கிறார்களே என்று டீச்சரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

ஒரு நாள் தன் ஊர் ஆட்டத்தை ஆடியே காட்டினார். கல்யாண வீட்டில் ஒரு பெண் கம்பு நுனியில் தொப்பியை மாட்டி உயர்த்திப் பிடிப்பாளாம். ஆடுகிற ஆண் எம்பிக் குதித்து அதைக் காலால் உதைத்துத் தள்ள வேண்டுமாம். தன் தொப்பியைப் பிரம்பில் மாட்டி டீச்சர் கையில் கொடுத்துவிட்டு, ஐம்பது வயதுக்கு மேல் ஆன அந்த அம்மாள் கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உதைத்தார். தொப்பி விழவில்லை. டீச்சர்தான் கண்ணை இறுக மூடிக்கொண்டு விழப் பார்த்தார்.

பிறகு எங்கள் முறை வந்தது. டீச்சருக்குத் திருநெல்வேலிப் பக்கம். கும்மி ஆடச் சொன்னார். ஆடினோம். அம்மாள் தலையை ஆட்டி மறுத்தார். பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தது வேண்டாம், யாரும் சொல்லிக்கொடுக்காமல் உங்கள் ஜனங்கள் தாங்களாக ஆடுவது எது, அதுதான் ஃபோல்கடான்ஸ் என்றார். டீச்சர் அதைத் தமிழில் சொன்னதும் வகுப்பே தலையைக் குனிந்துகொண்டது. எங்கள் தெருக்களில் ஜனங்கள் தாங்களாக ஆடுவது ஒரே ஒரு சமயத்தில்தான்: பிணத்துக்கு முன்னால். அதை வெள்ளைக்கார அம்மாளிடம் யார் சொல்வது? நான்தான் எழுந்தேன்.

“எங்க நைனா ஆடுவாரு” என்றேன். பின்னாலிருந்தவள் என் இடுப்பில் கிள்ளினாள்.

எப்போது ஆடுவார் என்று அம்மாள் கேட்டார். எல்லாரும் கூடும்போது ஆடுவார் என்றேன். அது பொய்யில்லை. மதராஸில் ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இவ்வளவு சாமர்த்தியம் இருந்தால் போதும், ஒரு குடும்பத்தைக் கெடுத்துவிடலாம்.

நைனா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். தெருவில் யார் செத்தாலும் முதலில் அவருக்குத்தான் ஆள் அனுப்புவார்கள். பாடையைப் பார்த்தபடியே, மேளத்துக்குத் தகுந்த மாதிரி பின்பக்கமாக அடி வைத்து, சுடுகாடு வரைக்கும் ஆடிக்கொண்டே போவார். ஒரு தடவைகூடக் கால் இடறியதில்லை. அவர் ஆடாமல் போன பிணம் பாதி வழியில் திரும்பிப் பார்க்கும் என்று சொல்லிச் சிரிப்பார்கள்.

ஆனால் நான் எழுந்து நின்றது அந்தப் பெருமையினால் இல்லை. என் தம்பிக்கு நான்கு வயது. பொங்கலிலிருந்து இருமல். மூச்சு இழுக்கும்போது விலா எலும்புகளுக்கு நடுவே குழி விழும். பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று தடவை பெட்டு இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அங்கே பெரிய டாக்டராக இருந்த வெள்ளைக்காரர் ஞாயிற்றுக்கிழமை தோறும் இந்த அம்மாள் வீட்டில்தான் சாப்பிடுகிறார் என்று டீச்சர் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார். ஆகவே நான் வீட்டுக்குப் போய், நார்வே அம்மா உன் ஆட்டத்தைப் பார்க்கணுமாம், பார்த்தால் பெட்டுக்குச் சீட்டு எழுதித் தருவாங்களாம் என்று நைனாவிடம் சொன்னேன். முதல் பாதி அம்மாள் சொன்னது. மறுபாதியை வழியில் நானே சேர்த்துக்கொண்டேன்.

அம்மா அடுப்படியிலிருந்து எழுந்து வந்தாள். “பொணம் இல்லாத எடத்துல அந்த அடி வெக்காத. புள்ள படுத்துகினு கீற வூடு இது” என்றாள்.

“பெட்டு கெடைக்கும்னா தலகீயா நிக்கச் சொன்னாலும் நிப்பேன். நீ சும்மா இரு” என்றார் நைனா. அப்படிச் சொன்னாரே தவிர, அன்று அவர் சோறு தின்னவில்லை.

மேளம் அடிக்கிறவர் நைனாவுக்கு உயிர்த் தோஸ்து. அவரிடம் போய்க் கேட்டதற்கு, “வேற இன்னா வோணா கேளு மாமு, சாவு இல்லாம மோளத்தத் தொட மாட்டேன்” என்று சொல்லிவிட்டார். அதனால் சனிக்கிழமை காலை பள்ளிக்கூடத்து முற்றத்தில் மேளமில்லாமல்தான் ஆட்டம் நடந்தது. நைனா வெளுத்த வேட்டி கட்டி, தலையில் துண்டு சுற்றியிருந்தார். அம்மாள் நாற்காலியில் நோட்டோடு உட்கார்ந்தார். நைனா வாயாலேயே தாளம் போட்டுக்கொண்டு, அம்மாளுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று ஆரம்பித்தார்.

அம்மாள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு முன்பக்கமாகப் போய் உட்கார்ந்தார். நைனா திரும்பிக்கொண்டார். மறுபடி அம்மாள் எழுந்து சுற்றி வந்தார், மறுபடி நைனா திரும்பினார். பிள்ளைகளெல்லாம் சிரித்தார்கள். கிராமத்து ஆள், வெட்கப்படுகிறார் என்று டீச்சர் இங்கிலீஷில் சமாதானம் சொன்னார். நைனா எந்தக் கிராமத்தையும் பார்த்ததில்லை. எதிரில் எந்த மனுஷ முகமும் இருக்கக் கூடாது என்று பார்த்தார், அவ்வளவுதான். கடைசியில் காம்பவுண்டுச் சுவரைப் பார்த்து நின்று, அதை விட்டுக் கண்ணை எடுக்காமல், பின்பக்கமாக அடி வைத்து முற்றத்தின் மறுகோடி வரைக்கும் ஆடினார். எனக்கு மானம் போயிற்று. தெருவில் அத்தனை பேர் வாயைப் பிளந்து பார்க்கிற ஆட்டத்தை, இவர் ஏன் இப்படி ஆளில்லாத சுவருக்கு ஆடிக் காட்டுகிறார் என்று கோபமாக வந்தது.

அம்மாள் கைதட்டினார். இந்த ஆட்டத்துக்கு உங்கள் ஜனங்கள் என்ன பெயர் சொல்வார்கள் என்று கேட்டார். “பேரு இல்லீங்க” என்றார் நைனா. பெயர் எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. மூன்றாவது கட்டத்தில் டீச்சரே ‘கிராமிய நடனம்’ என்று எழுதிக்கொடுத்தார்.

நைனா போகவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பிறகு டீச்சரிடம், “பெட்டுக்குச் சீட்டு குடுப்பாங்கனு பாப்பா சொல்லிச்சுங்க” என்றார். டீச்சர் மொழிபெயர்த்ததும் அம்மாள் பதறிப்போய் அங்கேயே ஒரு தாளைக் கிழித்து எழுதினார். எழுதிக்கொண்டே ஏதோ சொன்னார். டீச்சர் அதைத் தமிழில் சொன்னார்: “இதைக் கேட்டிருந்தாலே எழுதித் தந்திருப்பாங்களாம். இதுக்குப் போய் எதுக்கு ஆடினீங்கன்னு கேக்கறாங்க.”

நைனா என்னைப் பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தேன். சீட்டை நான்காக மடித்து மடியில் செருகிக்கொண்டு என் கையைப் பிடித்து நடந்தார்.

வீட்டு வாசலில் அம்மா குடத்தோடு நின்றிருந்தாள். உள்ளே விடவில்லை. சுடுகாட்டிலிருந்து திரும்பும்போது செய்வதைப் போலவே, நைனாவைத் தெருக் குழாயடியில் உட்காரவைத்து, உடுத்திய துணியோடு தலையில் தண்ணீரை ஊற்றினாள். யாருமே சாகாதபோது இந்தக் குளியல் எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. சீட்டு நனையாமல் நான்தான் கையில் வைத்திருந்தேன்.

திங்கட்கிழமை பெட்டு கிடைத்தது. இரும்புக் கட்டில், வெள்ளைத் துப்பட்டி, காலையில் ரொட்டியும் பாலும். தம்பி அதில் நான்கு நாள் இருந்தான். இன்னும் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருக்கலாமே என்று டாக்டர் சொன்னாராம்.

சின்னப் பிள்ளைக்கு மேளம் கிடையாது, பாடையும் கிடையாது. வெள்ளைத் துணியில் சுற்றி நைனா கையிலேயே தூக்கிக்கொண்டு காசிமேட்டு இடுகாட்டுக்கு நடந்தார். மேளக்காரத் தோஸ்து வெறும் கையோடு பின்னால் போனார். ஊரே அப்படி ஓசையில்லாமல் நடந்து நான் பார்த்ததில்லை. முன்பின் தெரியாத கிழவர்களுக்கெல்லாம் ஆடியவர் சொந்தப் பிள்ளைக்கு ஓர் அடி வைக்கவில்லையே என்று எனக்குத் தாங்கவில்லை. அவர் குளித்துவிட்டு வந்து சுவரோரம் உட்கார்ந்ததும் பக்கத்தில் போய்க் கேட்டேன்.

“தம்பிக்கு நீ ஆடலியா நைனா?”

“ஆடிட்டேன்மா” என்றார்.

அதற்கப்புறம் எங்கள் தெருவில் எத்தனையோ பேர் செத்தார்கள். ஆள் வந்து கூப்பிடும். நைனா எழுந்திருக்க மாட்டார். அதெல்லாம் பிறகு. அன்றைக்கு அவர் சொன்னதைக் கேட்டதும் எனக்கு மனசு ஆறிவிட்டது. எனக்குத் தெரியாமல் எப்போதோ ஆடியிருக்கிறார், தம்பியை ஒன்றும் சும்மா அனுப்பிவிடவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அவர் மடியில் தலையை வைத்துப் படுத்து, நன்றாகத் தூங்கியும் போனேன்.