இரண்டு கிலோமீட்டர் தள்ளி மாலத்தீவு

எங்கள் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளி, பழைய பஸ் நிலையம் பக்கம் ஒரு லாட்ஜ் இருக்கிறது. தூத்துக்குடியில் பிறந்து, தூத்துக்குடியிலேயே வாக்கப்பட்டு, ஐம்பதைத் தொட்ட நான் அந்த லாட்ஜில் நான்கு நாள் தங்கியிருக்கிறேன். அந்த நான்கு நாளும் நான் மாலத்தீவில் இருந்ததாகத்தான் எங்கள் தெரு இன்றுவரை நம்புகிறது.

எல்லாவற்றுக்கும் காரணம் என் வீட்டுக்காரர். ஏற்றுமதி இறக்குமதிச் சரக்குக்குக் காகிதம் சரிபார்க்கிற வேலை அவருக்கு. ஊரார் காகிதத்தில் ஒரு முத்திரை கோணலாக விழுந்திருந்தால்கூடக் கண்டுபிடித்துவிடுவார். அப்பேர்ப்பட்டவர் திருவனந்தபுரம் விமான நிலையத்தில் எடுத்து நீட்டியது, மூலை வெட்டிச் செல்லாமல் ஆக்கிய பழைய பாஸ்போர்ட்டை. கவுண்டரில் இருந்த பெண் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, புதுசு எங்கே சார் என்று கேட்டாள். புதுசு தூத்துக்குடியில் எங்கள் வீட்டு டிவி பக்கத்தில் இருந்தது. டிக்கெட்டை வேறு நாளுக்கு மாற்றவும் முடியாதாம். மாலத்தீவில் வேலை பார்க்கும் அவருடைய பழைய நண்பருக்காகக் கட்டிய, எங்கள் ஊர் முந்திரிப் பலகாரமான மக்ரூன் இரண்டு கிலோவை மடியில் வைத்துக்கொண்டு, வந்த வழியே பஸ் ஏறினோம். 

பேசாமல் வீட்டுக்குப் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். அடுத்த வீட்டில் மைனி இருக்கிறாள். என் வீட்டுக்காரரின் அக்கா. போன வருஷம் மைனி துபாய்க்குப் போய் ஆறு நாள் இருந்துவிட்டு வந்தாள். வந்த நாளிலிருந்து இட்லிக்குச் சட்னி ஊற்றினால் துபாய், மழை தூறினால் துபாய். எனக்கு ஒரு பேரீச்சம்பழ டப்பாவும் கொண்டுவந்து தந்தாள். அதன் அடியில் எங்கள் ஊர்க் கடை ஒன்றின் விலைச்சீட்டு ஒட்டியிருந்தது. நான் வாயை மூடிக்கொண்டு தின்றேன்.

அதற்குப் பதிலடியாகத்தான் எங்கள் மாலத்தீவு. ஒரு மாதமாகத் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். வழியனுப்ப வந்த பதினைந்து பேர் முன்னால், "வந்து எல்லாக் கதையும் சொல்லுதேன் மைனி" என்று கையாட்டிவிட்டு வண்டி ஏறியவள் நான். அதே நாள் சாயங்காலம் அதே பெட்டியோடு அதே தெருவில் எப்படி இறங்குவது? வீட்டுச் சாவியே மைனியிடம்தான் இருந்தது, செடிக்குத் தண்ணீர் ஊற்ற.

"திருச்செந்தூர்ல போயி இருப்போமா?" என்றார் அவர்.

"நம்ம தெருவுல பாதி ஆளு வாரம் தவறாம அங்கனதான் நிக்குது" என்றேன். "நம்மூரு லாட்ஜுக்குள்ள நம்மூர்க்காரன் எவன் எட்டிப் பாக்கப் போறான்?"

இதைவிடப் புத்திசாலித்தனமாக நான் வாழ்க்கையில் யோசித்ததே இல்லை என்று அப்போது நினைத்தேன்.

லாட்ஜ் மேனேஜர் எங்கள் ஆதார் அட்டையைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார். மறுபடியும் அட்டையைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, இந்தத் தெரு இங்கன பக்கத்துலதான இருக்கு?"

"ஆமா."

"இவுக யாரு?"

"வீட்டுல."

"வீட்டுல இருக்கவுகள எதுக்கு ரூமுக்குக் கூட்டிட்டு வந்திருக்கீய?"

எனக்கு அப்படியே தரைக்குள் போய்விடலாம் போல இருந்தது. மகனை இன்ஜினியரிங் படிக்க வைத்தவள் நான், கூட்டிவரப்பட்டவள் மாதிரி நிற்கிறேன். "வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்காவ, அந்த வாடை இவளுக்கு ஆகாது" என்று இவர் ஒரு பொய்யை எடுத்துவிட்டார். அதோடு விட்டாரா மேனேஜர்? தினமும் காலையில் சாவி கொடுக்கும்போது, இன்னைக்கு எந்த ரூம் அடிக்காவ, என்ன கலரு என்று விசாரணை. மூன்றாம் நாள் இவர் எங்கள் வீட்டுக்கு ஒரு மாடியே கட்டி, அதற்குப் பச்சை அடித்து முடித்திருந்தார்.

மாறுவேஷத்துக்குப் பஞ்சம் இல்லை. மாலத்தீவுக்கென்று நான் எடுத்த சுடிதார்கள் இருந்தன. என்னைச் சேலையில் தவிர வேறெதிலும் பார்த்திராத ஊர் இது. அவருக்கு முட்டி வரை ஒரு டவுசர், பெரிய பெரிய செம்பருத்திப்பூ போட்ட சட்டை, தொப்பி, கறுப்புக் கண்ணாடி. ஒளிந்துகொள்ள வந்த மனுஷன் ஊரிலேயே தூரத்திலிருந்து தெரிகிற மனுஷனாக நடந்தார். போதாக்குறைக்கு மாலத்தீவு நேரம் அரை மணி பின்னால் என்று கடிகாரத்தைத் திருப்பி வைத்துக்கொண்டார். எட்டு மணிக்குக் காப்பி குடிக்கக் கூப்பிட்டால், "ஏளா, இங்க ஏழரைதான் ஆவுது" என்பார்.

சாப்பாட்டு விஷயத்தில் மட்டும் பொய் சொல்ல மாட்டேன், அந்த நான்கு நாள் போல என் வாய் எப்போதும் வாழ்ந்ததில்லை. காலையில் நண்பருடைய மக்ரூன். எங்கள் வீட்டில் மக்ரூன் என்பது விருந்தாளிக்குக் கட்டிக் கொடுப்பது. எங்களுக்கு மிஞ்சுவது டப்பா அடியில் கிடக்கும் தூள்தான். முழு மக்ரூனைக் கட்டிலில் சாய்ந்துகொண்டு, முந்திரி நாக்கில் கரையக் கரையத் தின்றது அங்கேதான். மத்தியானம் மெஸ்ஸில் சீலா மீன் குழம்பு. சாயங்காலம் பொரித்த புரோட்டா. கல்யாணமாகி இருபத்தாறு வருஷமாக, அந்தப் புரோட்டாவைப் பார்சலில்தான் எனக்குத் தெரியும். இலையில் சூடாகப் போட்டு, மேலே சால்னாவை ஊற்றினால், அது நொறுங்கியும் நொறுங்காமலும் நிற்கிற பதம் பார்சலில் வீடு வந்து சேருவதே இல்லை. இத்தனை வருஷமும் இதை இவர் கடையில் உட்கார்ந்து தின்றுவிட்டுத்தான் எனக்கு ஊறிப்போனதைக் கொண்டுவந்தார் என்பதும் அன்றைக்குத்தான் புரிந்தது. அதற்கு ஒரு மணி நேரம் சண்டை போட்டேன்.

யார் கண்ணிலும் படாமல் தப்பித்ததற்கு மைனியின் வாய்தான் உதவியது. நாங்கள் போய்ச் சேர்ந்துவிட்டோம் என்று நான் வாட்ஸப்பில் ஒரு பொய் அனுப்பியதிலிருந்து, தினமும் மைனியிடமிருந்து குரல் செய்தி வந்தது. "ஏளா, நாளைக்குத் தெருவே கல்யாணத்துக்குப் போறோம். ஒம்பது மணிக்குப் போனா திரும்ப மூணு ஆயிரும்." மறுநாள், "எதிர்வீட்டு அண்ணாச்சி பேரப்பிள்ளையளோட ரோச் பூங்காவுக்குப் போறாவளாம். சாயங்காலம் வரைக்கும் அங்கனதான் இருப்பாவளாம்." கடல் தாண்டி இருக்கிறவளுக்கு இதெல்லாம் எதற்கு என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன். ஆனால் அதை வைத்துத்தான் எங்கள் பயணத் திட்டமே. தெரு கல்யாணத்தில் இருந்த நேரத்தில் திருச்செந்தூர் போய்ப் பரிசு வாங்கினோம். எதிர்வீட்டு அண்ணாச்சி பூங்காவில் இருந்த நேரத்தில் எங்கள் ஊர் ஓரத்து முயல் தீவுக்குப் போய்ப் படம் எடுத்தோம்.

முயல் தீவும் தீவுதானே. மணல் இருக்கிறது, கடல் இருக்கிறது. ஆனால் எந்தப் பக்கம் திரும்பினாலும் அனல் மின் நிலையத்துப் புகைபோக்கி வந்து நின்றது. இவரை மணலில் படுக்கச் சொல்லி, உட்காரச் சொல்லி, கடைசியில் இடுப்பளவு தண்ணீரில் நிற்க வைத்து ஒரு படம் தேற்றினேன். குடும்பக் குழுவில் போட்ட மறுநிமிஷம் மைனி பதில் போட்டாள். "அழகா இருக்கு. வலது பக்கம் கொஞ்சம் வெட்டிட்டுப் போடுளா, தம்பி மொகம் நல்லாத் தெரியும்." துபாய் போனவளுக்குப் படம் எடுப்பதிலும் பாடம் நடத்தணுமோ என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருந்தாலும் வெட்டிப் போட்டேன்.

பரிசுதான் பெரிய பாடு. திருச்செந்தூர்க் கடையில் சுற்றிலும் சிப்பி பதித்த ஒரு முகக்கண்ணாடி அகப்பட்டது. பார்க்க அசல் வெளிநாட்டுப் பொருள். கீழே மட்டும் சிவப்புப் பெயிண்டில் ஊர்ப் பெயர், பக்கத்தில் ஒரு வேல். லாட்ஜ் கட்டிலில் உட்கார்ந்து சேப்டி பின்னை வைத்து இரண்டு மணி நேரம் சுரண்டினோம். பெயர் போய்விட்டது. வேல் போவேனா என்றது. "மாலத்தீவுல மீன் குத்துத ஈட்டின்னு சொல்லிருவோம்" என்றார் இவர். எனக்கும் அதைவிட்டால் வேறு வழி தெரியவில்லை.

ஐந்தாம் நாள் காலை லாட்ஜை விட்டுக் கிளம்பினோம். "வீட்டுக்குப் பால் காய்ச்சும்போது சொல்லுங்க அண்ணாச்சி" என்று மேனேஜர் வாசல் வரை வந்து வழியனுப்பினார். தெருவில் ஆட்டோ நின்றதும் சனம் கூடிவிட்டது. மைனி முன்னால் நின்றாள். கண்ணாடியைக் கொடுத்தேன். வாங்கினாள், பார்த்தாள், பழக்க தோஷத்தில் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். 

"அந்த ஊர் ஈட்டி மைனி" என்றேன்.

"ஆமா, அங்க ஈட்டி ரொம்ப விசேஷமாம்" என்று மைனி கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள். "இவளுக்குக் களைப்பா இருக்கும், எல்லாரும் போங்க, கதைய நாளைக்குக் கேக்கலாம்." வாயைப் பிளந்துகொண்டு வந்தவர்கள் கலைந்துபோனார்கள்.

மைனியிடம் சாவி வாங்கி உள்ளே போனதும் இவர் நேரே டிவி பக்கம் ஓடினார். பாஸ்போர்ட் அங்கே இல்லை. டிவிக்குப் பின்னால், சோபாவுக்கு அடியில், எங்கேயும் இல்லை. நிமிர்ந்தால் வாசலில் மைனி நிற்கிறாள், கையில் தூக்குச்சட்டி. இடுப்பில் செருகியிருந்த பாஸ்போர்ட்டை எடுத்து மேஜையில் வைத்தாள்.

"மொத நாளு செடிக்குத் தண்ணி ஊத்த வந்தேன். இது இங்கன கெடந்துச்சு. எதிர்வீட்டு அக்காவும் கூட வந்தா. அவ பாக்கதுக்கு முன்னாடி எடுத்து ஒளிச்சுட்டேன்."

 கல்யாணமும், பூங்காவும், வலது பக்கம் வெட்டச் சொன்னதும் ஒவ்வொன்றாக வந்து முன்னால் நின்றன. அந்தப் படத்தில் புகைபோக்கி வலது பக்கம்தான் எட்டிப் பார்த்திருக்கிறது. நான்கு நாளாக யாரை நினைத்து ஒளிந்தேனோ, அவள்தான் என்னை ஒளித்து வைத்திருக்கிறாள். வெட்கமும் அழுகையும் சேர்ந்து வந்தன. அழுதேன்.

"ஏன் மைனி ஒரு வார்த்தகூட கேக்கல?"

"நான் தந்த பேரீச்சம்பழ டப்பா அடியில நீ பாத்தியா, பாக்கலியா?"

"பாத்தேன்."

"எங்கிட்ட கேட்டியா?"

"இல்ல."

"பின்ன என்னளா அழுகை" என்று தூக்குச்சட்டியை என் கையில் கொடுத்தாள். உள்ளே சோறும் குழம்பும் சூடாக இருந்தன. வாசல்படி இறங்கியவள் திரும்பி நின்று, தெருவில் யாருக்கும் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினாள்.

"தம்பி பூச்சட்டையோட புரோட்டாக் கடையில இருந்தத எங்க வீட்டுல அவுக பாத்துட்டு வந்து சொன்னாவ. எனக்கும் இத்தன வருஷமா பார்சல்தான் வருது. அடுத்த தடவ மாலத்தீவுக்குப் போகும்போது என்னையும் கூட்டிட்டுப் போளா."