அண்ணாவின் பூசைக்கு வந்த சீருடை

போர்க்காலத்தில் மன்னார்க் கடலுக்கு மீன்பிடிக்கப் போன என் அண்ணா திரும்பி வரவில்லை. துளை விழுந்த படகு மட்டும் கரை ஒதுங்கியது. சுட்டது யார் என்று எவரும் விசாரிக்கவில்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நேவி என்ற சொல்லை யாரும் எடுப்பதில்லை.

ஆக்லாந்துக்கு வந்த பிறகும் வருடந்தோறும் தேவாலயத்தில் அவருக்காகப் பூசை ஒப்புக்கொடுக்கிறோம். போன வருடம் பங்குச் சுவாமி அண்ணாவின் பெயரை வாசித்துக்கொண்டிருந்தபோது பின்கதவு திறந்தது. திரும்பிப் பார்த்தேன். கருநீலக் கடற்படைச் சீருடை. அடுத்த கணம் நான் வாங்கு இருக்கைகளுக்கு நடுவே தரையில் குப்புறப் பதுங்கிக் கிடந்தேன். என் உடம்பு என்னைக் கேட்கவில்லை.

"மாஸ்டர், என்ன, தலை சுத்துதோ?" பக்கத்தில் இருந்தவர் என்னைத் தூக்கிவிட்டார். பிறகு வாசலைப் பார்த்தார். "உது உங்கட மகள் எல்லோ?"

என் மகள்தான். தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றாள்.

"இல்லை" என்றேன்.

அந்த அமைதியில் அது கடைசி வாங்கு வரை கேட்டது. அவள் திரும்பி வெளியே போய்விட்டாள். நாற்பது பேருக்கு முன்னால் பெற்ற பிள்ளையை இல்லையென்று சொன்ன வாய் என்னுடையதுதானா என்று இன்றும் திகைக்கிறேன்.

பூசை முடிந்து எல்லோரும் பற்றிஸ் பலகாரமும் தேநீருமாக நிற்க, நான் அவளைத் தேடிக் கார் நிறுத்துமிடத்துக்குப் போனேன். இந்த நாட்டுக் கடற்படையின் தொண்டர் பிரிவில் அவள் சேர்ந்தது மனைவிக்குத் தெரியுமாம். என்னிடம் மட்டும் மறைத்திருக்கிறார்கள்.

"பயிற்சி முடியப் பிந்திப்போச்சு. உடுப்பு மாத்தப் போனா பெரியப்பான்ர பூசை முடிஞ்சிடும். அதுதான் அப்பிடியே வந்தனான்."

"உனக்குச் சேர வேற இடம் கிடைக்கேல்லையோ?"

"அப்பா, இது வேற நாடு."

"கடல் ஒண்டுதானே."

"நேவியை விடுங்கோ. என்னை இல்லையெண்டு சொன்னனீங்கள். அதைப் பற்றிக் கதையுங்கோ."

நான் கார்ச் சாவியைத் தேடினேன். அன்றிலிருந்து அவள் என்னோடு தமிழில் கதைப்பதை நிறுத்திக்கொண்டாள். மாசி என்ற புறநகரில் ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டு, எதைக் கேட்டாலும் "ஐ'ம் ஃபைன், டாட்" என்பாள்.

அவளுடைய பிரிவு குடும்பங்களை அழைத்த நாளில், யாருக்கும் சொல்லாமல், கடற்படைத் தளம் இருக்கும் டெவன்போர்ட்டுக்குப் படகேறினேன். மண்டபச் சுவரில் பழைய தொண்டர்களின் புகைப்படங்கள். வங்கி எழுத்தர்கள், கடைக்காரர்கள், என்னைப் போன்ற பள்ளி ஆசிரியர்கள். பகலில் வேலை, மாலையில் பயிற்சி. இரண்டாம் உலகப் போர் வந்ததும் மீன்பிடிப் படகுகளில் கருவிகளைப் பொருத்தி, ஆக்லாந்துக்கு வெளியே உள்ள வளைகுடாவில் கண்ணிவெடிகளைத் தேடி அகற்றியிருக்கிறார்கள். பலர் தூரக் கடல்களுக்குப் போய் மாண்டிருக்கிறார்கள். இன்றும் பிரிவினர் வேறு வேலை பார்ப்பவர்கள்தான். ஆபத்து வந்தால் சரக்குக் கப்பல்களுக்குப் பாதுகாப்பான வழி சொல்லப் பழகுகிறார்கள். மனுகாவில் ஓர் அலுவலகத்தில் பகல் முழுவதும் வேலை பார்த்துவிட்டு என் மகள் பழகியதும் அதைத்தான். ஒரு படகின் படத்தை விட்டு நகர முடியவில்லை. அண்ணாவின் படகைப் போலவே சின்னது.

"யாரைத் தேடுகிறீர்கள்?" என்று ஓர் அதிகாரி ஆங்கிலத்தில் கேட்டார். அவருக்குப் பின்னால், அணிவகுப்பை முடித்துக்கொண்டு என் மகள் வந்துகொண்டிருந்தாள். நான் கையை நீட்டிக் காட்டினேன். "அவள் என் மகள்" என்றேன். தேவைக்கு அதிகமான சத்தம். சிலர் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் நின்றாள். சிரிக்கவில்லை. தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி என் பக்கம் நீட்டினாள்.

"பிடியுங்கோ அப்பா. தலைமயிரை அவிழ்த்துக் கட்டவேணும்."

வாங்கிக்கொண்டேன். அவள் கட்டி முடிக்கும் வரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன்.