கட்டையில் அடித்த ஆணி

விறகு பிளக்கிற இரும்பு ஆப்பின் தலை நசுங்கிப் பிசிறடித்திருந்தால் அதை அரத்தால் ராவிவிட்டுத்தான் சம்மட்டியை ஓங்க வேண்டும். வெர்லினுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மொண்டானா மலையடிவாரத்தில் மரமறுக்கிற மில்லிலேயே தலை நரைத்து ஓய்வு பெற்றவர். ஆனாலும் அன்று ராவவில்லை. பிசிறு தெறித்து வலது கண்ணில் ஏறியது. கண் பார்க்க அப்படியேதான் இருந்தது, பார்வை மட்டும் போய்விட்டது. விதி என்றார்கள். சோம்பலுக்கு விதி என்று பேர் வைப்பது எங்கள் ஊர் வழக்கம்.

அவர் துக்கம் கண்ணோடு நிற்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டு ஃப்ரீசருக்குள் கடை இறைச்சி நுழைந்ததில்லை. இலையுதிர்காலம் வந்தால் மலையேறி ஒரு எல்க் மானைச் சாய்த்து வருவார், குளிர்காலம் அதிலேயே கழியும். அதெல்லாம் வலது தோளும் வலது கண்ணும் செய்த வேலை.

"போதும்யா, ஊர்ல கடைக்கா பஞ்சம்?" என்றாள் மனைவி ஆர்டிஸ். "ஒத்தக் கண்ண வச்சிக்கிட்டு அரைகுறையாச் சுட்டு, ஒரு உசிரைக் காட்டுல துடிக்க விடப் போறியா?"

அது சுருக்கென்று தைத்தது. காயம்பட்ட மானைத் தப்பவிடுவதைவிடப் பெரிய பாவம் எங்கள் பக்கத்து வேட்டைக்காரனுக்குக் கிடையாது.

"இந்த ஒரு சீசன். இடது தோள்ல வச்சிச் சுடறேன். ஒரே வெடியில சுத்தமா விழணும். முடியலன்னா துப்பாக்கிய வித்துட்டு உன்கூட உக்காந்து டிவி பாக்கறேன்."

"அந்தத் தண்டனை எனக்கெதுக்கு?" என்று எழுந்து போனாள். ஆனால் அவர் சொன்னால் சொன்னதுதான் என்று அவளுக்குத் தெரியும்.

துப்பாக்கி செப்பனிடுகிற டெல்பர்ட் பள்ளிக்கூடக் காலத்துச் சிநேகிதன். இடதுகைத் துப்பாக்கி வேண்டும் என்று கேட்டதும் தலையை ஆட்டினான். "தோட்டா ஏத்தற போல்ட் இடப்பக்கம் வச்சி வர்றது கொஞ்சம்தான்டா. அதனால புதுசு ஆனை விலை குதிரை விலை சொல்றான்."

"புதுசு யாருக்குடா வேணும்? குழல் கெட்டுப்போன இடதுகைத் துப்பாக்கி எங்கியாவது அடகுக் கடையில கெடக்கும். அதைப் பிடி."

கிடைத்தது. யாரோ ஈரத்தோடு உறைக்குள் போட்டு வைத்த துப்பாக்கி. குழலுக்குள் துரு அரித்திருந்தது, தோளிலும் கன்னத்திலும் பதிகிற மரக்கட்டை பிடியருகே விரிசல் விட்டிருந்தது. போல்ட்டும் அது ஓடுகிற இரும்புக் கூடும் மட்டும் பழுதில்லாமல் வழவழவென்று நகர்ந்தன. வெர்லினுக்கு வேண்டியது அந்த இரண்டுதான். குழலில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது என்று இருவரும் ஒத்துக்கொண்டார்கள். வெளிப்புறத்தில் கீறல் விழுந்ததால் பட்டறையில் ஒதுக்கிவிட்ட நல்ல குழல் ஒன்றை டெல்பர்ட் தேடிப் பிடித்தான். கீறலைப் பார்த்து மானா சிரிக்கப் போகிறது?

தோட்டா அளவில்தான் தகராறு வந்தது. "இப்ப வர்ற சின்னத் தோட்டா போடு. தோள்ல உதைக்காது," என்றான் டெல்பர்ட்.

"என் ஷெட்டுல பழைய அளவுத் தோட்டா உறை டப்பா டப்பாவா கெடக்கு. மருந்து அடைக்கிற அச்சும் இருக்கு. அதையெல்லாம் ஆத்துல கொட்டவா? உதைச்சா உதைக்கட்டும், வாங்கிக்கிறேன்."

விசை பழையதே போதும் என்று டெல்பர்ட் அதைத் தேய்த்து இலகுவாக்கிக் கொடுத்தான். விரிசல் விட்ட கட்டைக்குப் பசையேற்றி, பித்தளை முளை அடித்து இறுக்கி, இடது கன்னம் படிகிற இடத்தைக் கோடை முழுக்கச் சீவிச் சீவிச் சரிசெய்தார் வெர்லின். குழலுக்கான பணம் அவருடைய பழைய துப்பாக்கியை விற்று வந்தது. தூரத்தைக் கிட்டக் காட்டுகிற ஸ்கோப்பை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டார். அன்று வீட்டுக்கு வந்தவர் சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

குறிபார்க்கிற மைதானத்தில் துப்பாக்கியைப் பலகைமேல் ஊன்றி, நிதானமாக உட்கார்ந்து சுட்டபோது குண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. "வலது கையில கூட நீ இப்படிச் சுட்டதில்லடா," என்றான் டெல்பர்ட். வெர்லின் பழையபடி விசிலடித்துக்கொண்டு வீடு திரும்பினார்.

சீசன் தொடங்கிய வாரத்திலேயே மரங்களுக்கிடையில் ஒரு எல்க் வந்து பக்கவாட்டில் நின்றது. துப்பாக்கியைத் தூக்கி ஸ்கோப்பில் கண் வைத்தார். ஒரே இருட்டு. மூடியைக் கழற்ற மறந்துவிட்டோமோ என்று கையால் தடவினார். மூடி இல்லை. அப்போதுதான் புரிந்தது. துப்பாக்கி வலது தோளில் இருந்தது. செத்த கண்ணைத் திறந்து, நல்ல கண்ணை மூடிக்கொண்டிருந்தார். நல்ல கண்ணைத் திறந்தபோது எல்க் போய்விட்டது. துப்பாக்கியை இடதுகைக்கு மாற்றியாயிற்று, மனுஷன் மாறவில்லை. சொன்னால் நம்பமாட்டீர்கள், அடுத்த வாரமும் அதையேதான் செய்தார்.

அன்று சாயங்காலம் சமையலறை மேசையில் துப்பாக்கியைத் துடைத்து எண்ணெய் பூசினார். விற்பதற்கு முன் பூசுகிற எண்ணெய் அது. ஆர்டிஸ் அடுப்பிலிருந்து திரும்பினாள்.

"என்ன ஆச்சு?"

சொன்னார். அவள் கேலி செய்யவில்லை. அவளுக்கு வேண்டியது இதுதானே, மலையேற்றம் நிற்க வேண்டும். பேசாமல் இருந்தாலே போதும்.

"நம்ம பையன் விரல் சப்பறத எப்படி நிறுத்தினேன்?" என்றாள்.

"வையாம அடிக்காம, மிளகாய்ச் சாறு தடவின."

இழுப்பறையைத் துழாவி, தரைவிரிப்புக்கு அடிக்கிற குட்டி ஆணி ஒன்றை எடுத்து மேசையில் வைத்தாள். "வலது கன்னம் எங்க படும்? அங்க அடி. முனை கொஞ்சம் வெளிய நிக்கட்டும்."

வெர்லின் ஆணியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். கோடை முழுக்க இழைத்த கட்டை. மனமில்லாமல்தான் மறுபக்கத்திலிருந்து துளைத்து, முனை வெளியே தெரியும்படி இறக்கினார்.

சீசன் முடிகிற வாரம் பனி கொட்டியிருந்தது. ஓடை தாண்டி ஒரு எல்க் வந்து நின்றது. கை பாழாய்ப்போன வலது தோளுக்குத்தான் போயிற்று. ஆணி கன்னத்தில் குத்தியது. அவர் மூச்சை விட்டார். துப்பாக்கியை மெல்ல இடது தோளுக்கு மாற்றினார். ஸ்கோப்புக்குள் வெளிச்சம் இருந்தது, அதற்குள் எல்க் நின்றது. சுட்டார்.

நாலைந்து எட்டு வைத்து அது சாய்ந்தது. பக்கத்தில் போனதும் நாங்கள் எல்லோரும் செய்கிறபடி ஒரு நீளக் குச்சியால் அதன் திறந்த கண்ணைத் தொட்டார். உயிர் இருந்தால் இமைக்கும். இமைக்கவில்லை. சுத்தமான சாவு.

தன் கண்ணையும் மருத்துவர் இப்படித்தான் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, இனி இதில் ஒன்றும் இல்லை என்று சொன்னது நினைவுக்கு வந்தது. பனியில் முழங்காலிட்டு, எல்க்கின் கழுத்தில் கை வைத்தபடி வெகுநேரம் இருந்தார்.

இருட்டுவதற்குள் வீடு வந்தவரை ஆர்டிஸ் விளக்கடியில் நிறுத்தி முகத்தைப் பார்த்தாள். வலது கன்னத்தில் பொட்டளவு ரத்தம் உறைந்திருந்தது. அதற்கு மேலே, செத்த கண்ணிலிருந்து கன்னம் வரைக்கும் ஈரம் வழிந்த தடம் இருந்தது.

"ஆணி ரொம்பக் குத்திடுச்சா?" என்றாள், ஏப்ரன் நுனியால் துடைத்தபடி.

"இல்ல," என்றார். "அந்தக் கண்ணு அழும்னு எனக்கே தெரியாது."